இரண்டு முட்டியிலும் கட்டு

பெங்களூரில் எங்கள் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு முகாம் நடக்கும் அரங்கின் தாழ்வாரத்தில் பழைய அணிகளின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். நான் வேலையை விட்டு வருவதற்குச் சில நாள் முன்பு, என் இடத்துக்கு வந்திருக்கும் பிசியோ கீர்த்தனா அந்தப் படங்களின் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சரோஜாம்மா, இங்க வாங்களேன். இந்தப் படத்துல எல்லாருக்கும் ரெண்டு காலுமா அடிபட்டுச்சு?"

போய்ப் பார்த்தேன். நீலச் சட்டை போட்ட பன்னிரண்டு பெண்கள். கணுக்காலில் கட்டு இருப்பவளுக்கு இரண்டு கணுக்காலிலும் வெள்ளை டேப். முட்டியில் கட்டு இருப்பவளுக்கு இரண்டு முட்டியிலும். அந்தக் கட்டுகள் எல்லாம் நான் போட்டவை. படத்தில் நான் இல்லை. படம் எடுக்கும்போது ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவது என் வழக்கம்.

"இது மட்டும் இல்ல, இதுக்கு முன்னாடி இருக்கற படங்கள்லயும் அப்படித்தான். ஆனா அடுத்த படத்தப் பாருங்க. ஒத்தக் கால்ல மட்டும் கட்டு. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் ஒத்தக் காலுதான். நடுவுல என்னாச்சும்மா?"

"அது ஒரு வழக்கம். அப்புறம் விட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. "உங்களுக்குப் பேச வராது, தெரியும். எழுதிக் குடுங்க. இந்த வருஷ மலர்ல போடச் சொல்றேன். எனக்கும் இந்த வேலையப் பத்தித் தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்றாள். பத்தாவது வரை படித்தவள் நான். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில்தான் என் வேலை தொடங்கியது. லேத்தில் விரல் கிழித்துக்கொண்டு வருவார்கள், கண்ணில் இரும்புத் தூள் விழுந்து வருவார்கள். கட்டுப் போடுவதை அங்கே இருந்த நர்ஸ் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அந்தக் கம்பெனிக்குப் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. மாலையில் அந்தப் பெண்கள் கால் சுளுக்கி வருவார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு, விளையாடுகிறவர்களின் கால் எனக்குப் பழகிவிட்டது. ஒருமுறை எங்கள் மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வந்த ரெஜினா மேடம், நான் கட்டுவதை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்தான் அப்போது இந்திய அணியின் கோச். "ஒரு மாசம் பெங்களூர் முகாமுக்கு வாரியா?" என்று கேட்டார். அந்த ஒரு மாதம் நீண்டு நீண்டு என் வேலை வயதில் பெரும்பகுதி ஆகிவிட்டது. டேப் கட்டும் முறையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்த முகாமில்தான், ஒரு வெளிநாட்டு பிசியோவிடம். அதையெல்லாம் விரித்து எழுதினால் கீர்த்தனா சிரிப்பாள். அவளுக்கு என்னைவிட நிறையத் தெரியும்.

ரெஜினா மேடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மற்ற மாநிலப் பெண்களிடம் இந்தியில் பேசுவார். தமிழ் தெரிந்தவர்களிடம் "ஏட்டி, இங்க வா", "போட்டி அங்கிட்டு" என்று டி போட்டுத்தான் பேச்சு. அவர் ஏட்டி என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால் கத்த மாட்டார். "நீங்க" என்று ஆரம்பிப்பார். "நீங்க கொஞ்சம் அப்படி உக்காருங்க" என்று சொன்னாரென்றால் அந்தப் பெண் அன்றைக்குச் சாப்பிட மாட்டாள். ஆட்டத்துக்கு முன்னால் வரிசையாக ஒவ்வொருத்தி முன்னாலும் குனிந்து, ஷூ நாடாவை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் அவரே அவிழ்த்துக் கட்டுவார். அந்த வயதில், அத்தனை கோப்பை வாங்கியவர், சின்னப் பெண்களின் காலடியில் குனிவதைப் பார்த்தால் எனக்கே என்னவோ போலிருக்கும்.

இரண்டு காலிலும் கட்டுவது அவர் கொண்டுவந்த வழக்கம். அவர் ஆடிய காலத்தில் ஒரு வெளிநாட்டு ஆட்டத்தில், அவருடைய கணுக்கால் கட்டைப் பார்த்துவிட்டு எதிரணிப் பெண் அந்தக் காலையே மிதித்து மிதித்து ஆடியிருக்கிறாள். "எதிராளி கண்ணுக்கு வெள்ள டேப்புதாம்ட்டி மொதல்ல தெரியும். ஒத்தக் கால்ல கட்டுனா நாமளே விரல நீட்டிக் காமிச்ச மாதிரி" என்பார். அதனால் வலிக்கிற காலில் நிஜக் கட்டு, வலிக்காத காலில் பொய்க் கட்டு. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எது நிஜம் என்று கட்டிக்கொண்டவளுக்கும் கட்டிய எனக்கும்தான் தெரியும். மேடம் கேட்டால் மட்டும் சொல்வேன். அவரும் அநாவசியமாகக் கேட்க மாட்டார்.

முட்டிக்கு நிஜக் கட்டு போடுவது இப்படி. காலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். டேப் சுருள் ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் குதிகாலை வைத்து நிற்கச் சொல்வேன். அப்போதுதான் முட்டி லேசாக மடங்கியிருக்கும். மடங்காத முட்டியில் கட்டினால் ஓட வராது. ஒட்டுமருந்தை அடித்து, மெல்லிய ஸ்பஞ்சு சுற்றி, தொடையில் ஒரு பட்டை, கெண்டைக்காலில் ஒரு பட்டை போடுவேன். இந்த இரண்டும்தான் பிடிமானம். பிறகு கீழிருந்து மேலாகக் குறுக்கும் நெடுக்குமாக, முட்டியின் இரண்டு பக்கத்திலும் டேப்பை இழுத்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும். முட்டிச் சில்லை மூடக் கூடாது. இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகம் இழுத்தால் கால் மரத்துப்போகும். குறைந்தால் வெறும் அலங்காரம். பொய்க் கட்டு என்பது அந்த அலங்காரம்தான். நேராக நிற்க வைத்து, ஒட்டுமருந்து இல்லாமல், இழுக்காமல் சுற்றிவிடுவேன்.

கட்டும்போது பெண்கள் பேசுவார்கள். அந்த அறைக்குள் ஆண்கள் வர மாட்டார்கள். மேசைமேல் காலை நீட்டிப் படுத்தவுடன் எல்லாம் வெளியே வரும். வீட்டுச் சண்டை, கல்யாணப் பேச்சு, மாதவிலக்கு வலி, யார் மேல் யாருக்குப் பொறாமை என்று எல்லாம். நான் பதில் பேச மாட்டேன். பேசத் தெரியாது. அதனாலேயே என்னிடம் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். மேசையில் சொன்னது மேசையோடு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி வைக்கவில்லை, அது அப்படித்தான்.

நாகரத்னா, எங்களுக்கு நாகு, என்னிடம் அதிகம் பேசியவள். கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், முகாமில் கன்னடம். எல்லாவற்றையும் கலந்து பேசுவாள். எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் என்மேல் ஒட்டுதல். அக்கா என்பாள், நீ என்பாள். அணியில் அவள்தான் பிவட், அதாவது கூடைக்குக் கீழே நின்று மோதிப் பந்தைப் பிடிக்கிறவள். நல்ல உயரம். உயரத்தைவிட அவள் குதிப்பதுதான் பார்க்க வேண்டியது. மற்றவர்கள் குதித்து இறங்கியபிறகும் அவள் மேலேயே இருப்பாள். "நாய்னா தோட்டத்துல வாய்க்கால் நெறய. பாலம் கெடயாது. தாண்டித் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அதான்" என்பாள். நாய்னா என்றால் தெலுங்கில் அப்பா.

"வாய்க்கா தாண்டுனவளுக எல்லாம் இந்தியாவுக்கு ஆடிட்டா, கெலவரப்பள்ளியில பாதிப் பேரு இங்கதான்ட்டி இருக்கணும்" என்பார் ரெஜினா மேடம்.

"வாய்க்கா பெரிசு மேடம்" என்பாள் இவள். விட மாட்டாள்.

நான் சொல்ல வந்த போட்டி பெங்களூரிலேயே நடந்தது. வெளிநாட்டு அணிகள் வந்திருந்தன. ஜெயிக்கிற அணி மேல்பிரிவுக்குப் போகும். தோற்றால் இன்னும் இரண்டு வருடம் கீழேதான். நாகுவுக்கு அப்போதே அணியில் வயது அதிகம். இரண்டு வருடம் கழித்து அவளைக் கூப்பிடுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போய் எத்தனையோ ஆட்டம் ஆடியவள். ஆனால் அவள் அப்பா ஒருமுறைகூட மகள் ஆடி நேரில் பார்த்ததில்லை. கடைசி ஆட்டத்துக்கு ஊரிலிருந்து வேன் வைத்து வரப்போவதாகச் சொல்லியிருந்தார். "எங்கூருல பாதி வருது அக்கா. நாய்னா செருப்பு புதுசு வாங்கியிருக்காராம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில் ஒரு பந்தைப் பிடித்து இறங்கினாள். விழவில்லை, நொண்டவும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. பயிற்சி முடிந்து மேசையில் வந்து படுத்தாள்.

"அக்கா, எடது முட்டி உள்ள ஏதோ நழுவுன மாதிரி இருந்துச்சு. பாரேன்."

முட்டியை மடக்கி வைத்து, கீழ்க்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கமாக இழுத்துப் பார்ப்பது ஒரு சோதனை. முதலில் நல்ல காலில் பார்த்தேன். இழுத்தவுடன் டக்கென்று நின்றது. பிறகு இடது கால். ஒரு நெல்மணி அளவு கூடுதலாக வந்து, அதற்குப் பிறகுதான் நின்றது. மறுபடியும் பார்த்தேன். அதேதான். நான் டாக்டர் இல்லை. அணிக்கென்று டாக்டரும் அப்போது கிடையாது. போட்டி நடத்துகிறவர்களின் டாக்டர் ஆட்ட நேரத்தில் மட்டும் வந்து உட்காருவார்.

அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாத அக்கா."

"நாகு, இதோட குதிச்சா..."

"ஒரே ஒரு ஆட்டம். அதுக்கப்பறம் கால வெட்டி உங்கையில குடுத்துடறேன். ரெண்டு முட்டிக்கும் கட்டு. மேடம் கேட்டா, ரெண்டும் பொய்க் கட்டுதான், சும்மா பயத்துக்குப் போட்டேன்னு சொல்லு."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் வாய் வருவதற்கு நேரமாகும். அவள் எழுந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவளுக்குக் கட்டினேன். இடது முட்டிக்கு நான் அதுவரை போட்டதிலேயே நல்ல கட்டு. வலது முட்டிக்குப் பொய்க் கட்டு. அரங்குக்குள் போனபோது ஒரு பக்கம் முழுக்க அவள் ஊர்க்காரர்கள். ரோஜாத் தோட்டங்கள் இருக்கிற ஊர். சந்தைக்குக் கட்டுகிற மாதிரியே செய்தித்தாளில் சுற்றிக் கட்டுக்கட்டாக ரோஜா கொண்டுவந்திருந்தார்கள், ஆட்டம் முடிந்ததும் கொடுப்பதற்கு. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாக நாராயணப்பா, அவள் அப்பா. நாகு அவரைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டவில்லை, வெட்கம். ஆனால் பந்தை எடுத்துக் கூடைக்குப் போட்டுக் காட்டினாள். ஊரே கத்தியது.

ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். மேடம் வழக்கம்போல நாடாக்களை இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், நாகுவிடம் வந்ததும் நிமிர்ந்து அவள் இரண்டு முட்டிகளையும் பார்த்தார். பிறகு எட்டி நின்று அவள் குதிப்பதைப் பார்த்தார். நாகு வலது காலில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தாள். வெளியாட்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மேடத்துக்கும் தெரிந்துவிட்டது.

நான் நின்ற ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்காமல், ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி சரோ. நாகுவுக்கு எது நிஜம்?"

இரண்டும் பொய் என்று சொல்லியிருந்தால் அவர் அதை நம்பியிருப்பார். என் பேச்சைச் சந்தேகப்பட்டதே இல்லை. ஊர்க்காரர்கள் நாகு நாகு என்று கத்துகிறார்கள். என் விரலில் அந்த நெல்மணி அளவு அப்படியே இருந்தது.

"இடது, மேடம்."

"எவ்வளவு?"

"ஓடிருவா. குதிச்சு எறங்குனா நிக்காது."

மேடம் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

என்னை அவர் நீங்க என்று சொன்னது அந்த ஒருமுறைதான். தெரியாமல் இருந்தால் அவர் அவளை ஆடவிட்டிருக்கலாம். தெரிந்தபிறகு முடியாது. அவரும் அந்த ஆட்டத்தை ஜெயிக்கத்தான் அவ்வளவு காலமாக உழைத்தார். எனக்கு அது அந்த நொடியில்தான் புரிந்தது.

நாகுவைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. இறக்குவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண், முதல் போட்டி அது அவளுக்கு. முடிந்த மட்டும் மோதினாள். மோத மோத ஃபவுல் ஏறிக்கொண்டே போனது. பெஞ்சில் நாகு ட்ராக் சூட் மேல்சட்டையைப் பாதி கழற்றியபடியே உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து யாரோ ஒருவர் கத்தினார்.

"ஏ நாராயணப்பா, உம்பொண்ணு பெஞ்சில உக்காந்துக்கினு இருக்கறத பாக்கவா வேலைய உட்டுட்டு அத்திப்பள்ளி தாண்டி வந்தோம்?"

"இருப்பா, கடசீல எறக்குவாங்க. துருப்புச் சீட்ட மொதல்லயே எறக்குவாங்களா?" என்றார் நாராயணப்பா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கடைசிக் கால்பகுதியில் அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. அவள் வெளியே வர வேண்டும். அரங்கம் முழுக்க நாகு, நாகு என்று. நாகு எழுந்துவிட்டாள். மேல்சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, மாற்று ஆள் போய்ச் சொல்ல வேண்டிய ஸ்கோர் மேசையைப் பார்த்து நடந்தாள்.

"உக்காருங்க" என்றார் ரெஜினா மேடம்.

அவ்வளவு சத்தத்தில் அது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நாகு நின்றாள். மேடத்தைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உயரம் குறைந்த ஒருத்தி உள்ளே போனாள். எதிரணியின் நெட்டைப் பெண் கூடைக்கடியில் நின்று கையை நீட்டி நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டாள். இரண்டு கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து என் மேசைக்குக் கடைசியாக வந்தவள் நாகு. எல்லோரும் அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அழவில்லை. வலது காலை நீட்டினாள். பொய்க் கட்டை மொண்ணைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது காலைத் தொட்டதும் என் கையைத் தள்ளிவிட்டாள். ஒட்டுமருந்து அடித்த கட்டைக் கத்தரி இல்லாமல் எடுக்கக் கூடாது. அவள் நுனியைப் பிடித்துக் கையாலேயே உரித்தாள். தொடையில் தோலும் சேர்ந்து வந்தது.

"ரெண்டும் பொய்க் கட்டுன்னு சொல்லியிருந்தா ஒனக்கு என்னாக்கா போச்சு?"

நான் பஞ்சை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"எங்காலுதான? ஒங்காலா?" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வேன் பக்கத்தில் நாராயணப்பா மகளிடம் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெலுங்கு புரியும். என்னம்மா தப்புப் பண்ணினே, கோச்சம்மாவை எதிர்த்துப் பேசினியா என்று கேட்டார். அவள் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் இன்னிக்குத் தேவப்படல நாய்னா" என்றாள். அவர் தலையை ஆட்டினார். என்னைப் பார்த்ததும், அணியைச் சேர்ந்தவள் என்று தெரிந்து, கும்பிட்டு ஒரு கட்டு ரோஜாவை என் கையில் கொடுத்தார். "யாருக்காச்சும் குடுத்துடும்மா. திருப்பி எடுத்துக்கினு போக முடியாது" என்றார். அவரிடம் அப்போது நான் சொல்லியிருக்கலாம். மேசையில் அவள் சொன்னதை ஒருமுறை வெளியே விட்டாயிற்று. அவளே மறைக்கிறபோது, அவள் கண் முன்னாலேயே இன்னொரு முறை விட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மேடமே அவளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முட்டிக்குள்ளே எலும்பைப் பிடித்து நிறுத்தும் லிகமெண்ட் பாதி அறுந்திருந்தது. இன்னொரு முறை குதித்திருந்தால் மீதியும் போயிருக்குமா என்று மேடம் கேட்டாராம். போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், அதை யாரால் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். இதை மேடம் என்னிடம் வந்து சொன்னார். "ஏட்டி" என்றுதான் ஆரம்பித்தார்.

அடுத்து ஒரு சின்ன அழைப்புப் போட்டி வந்தது. வழக்கம்போல ஒரு பெண்ணுக்கு நிஜக் கட்டைப் போட்டுவிட்டு, அடுத்த காலை எடுத்தேன். மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஒத்தக் கால் போதும் சரோ. இனிமே எல்லாருக்கும் ஒத்தக் கால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இனி எது நிஜம் என்று அவர் என்னைக் கேட்க வேண்டியதில்லை. கீர்த்தனா பார்த்த அடுத்த படம் அப்போது எடுத்ததுதான். அதோடு ரெஜினா மேடமும் பொறுப்பிலிருந்து விலகி ஊருக்குப் போய்விட்டார்.

நாகு ஏறக்குறைய ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்து முட்டியைச் சரியாக்கிக்கொண்டு அணித் தேர்வுக்கு வந்தாள். பழைய மாதிரியே குதித்தாள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். இடது காலில் இறங்கினாள், நின்றது. ஆனால் புதுக் கோச்சுக்கு அவளைத் தெரியாது. அவளைவிட உயரமான இரண்டு சின்னப் பெண்கள் வந்திருந்தார்கள். பெயர் படித்தபோது அவள் பெயர் வரவில்லை. முகாமை விட்டுப் போகிற பெண்கள் மேசைக்கு வந்து, அதில் ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதுவும் ஒரு வழக்கம். நான் விரிப்பை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பையோடு தாழ்வாரத்தில் நடந்து போன சத்தம் கேட்டது. சத்தம் நிற்காமல் போய்விட்டது.

கிளம்புவதற்கு முன்னால் இதையெல்லாம் சுருக்கமாகக் கீர்த்தனாவிடம் சொன்னேன். அவள் என்னை மேசையில் உட்கார வைத்து, புதிதாக வந்திருக்கும் மெஷினை என் முட்டியிலேயே மாட்டிக் காட்டினாள். இழுக்கிற வேலையை அது செய்கிறது. எவ்வளவு தளர்வு என்று எண்ணாகவே வந்துவிடுகிறது. அந்த எண் டாக்டருக்கும் கோச்சுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

"இப்ப யாரும் யாருகிட்டயும் போய்க் கேக்க வேண்டியதில்லம்மா. நீங்க செஞ்சது சரிதான். இப்ப இருக்கற ரூல்படி அவங்கள கிரவுண்டுலயே விட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

நல்ல பெண். எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். நான் நினைத்தது வேறு. அந்த மெஷின் அன்றைக்கு இருந்திருந்தால், நாகுவின் கோபமெல்லாம் அதன்மேல் போயிருக்கும்.

இப்போது இந்த வேலைக்குப் பட்டப்படிப்பு வேண்டும். அது சரியானதுதான். என் டேப் கத்தரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு ஓசூர் வந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பூ சொல்லக் கெலவரப்பள்ளிப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்து நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஏன் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாக் குடில்கள். அதில் ஒன்றின் வாசலில் கேட்டபோது, உள்ளே போங்க, நாகரத்னா உள்ளதான் இருக்குது என்றார்கள்.

பாத்திகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து வெட்டிய பூக்களை வாளியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழுதாக மடக்கிக் குந்தியிருந்தாள். என் கண் முதலில் அங்கேதான் போனது. என்னைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு, கையை ஊன்றாமல் எழுந்தாள்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. காப்பித் தண்ணி வெக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். போய்ச் சேர்ந்துட்டார், மழைக்காலத்தில், என்றாள். உங்கள் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். விட்டுவிட்டேன் என்றேன். முட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நல்லா இருக்குது. மழை, பனி எதுக்கும் வலி கெடயாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பூ எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்களிடம் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, வண்டி வந்துரும், இதை ஏற்றணும் என்று வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குடிலுக்குப் பின்பக்கம் அணையிலிருந்து வரும் வாய்க்கால். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் தள்ளிப் பாலம் போட்டிருக்கிறார்கள். அவள் பாலத்துக்குப் போகவில்லை. கையில் ரோஜா வாளியோடு இரண்டு எட்டு வேகமாக வைத்து வாய்க்காலைத் தாண்டினாள். நிஜமாகவே பெரிய வாய்க்கால்தான்.

இடது காலில்தான் இறங்கினாள். நின்றது. பார்க்க அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.